பங்காளியா, சம்பந்தியா? நகரங்களின் உறவுக்கு ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், தண்டையார்பேட்டை (செவ்வாய்)

மடற்குழு நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். தமிழாக்க வேண்டிய எட்டுப் பக்கக் கையேடு ஒன்று கையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அடுத்த வாரம் எண்ணூரில் மீனவர் கூட்டத்தில் அதை உரக்க வாசிப்பார்கள். வெள்ளத்துக்கும் வெப்பத்துக்கும் ஈடுகொடுக்கவும் மரம் வளர்க்கவும் வெளிநாட்டு நகரங்களும் நம் நகரமும் ஒன்றிடம் ஒன்று கற்றுக்கொள்வதைப் பற்றியது. மூலத்தில் ‘சிஸ்டர் சிட்டி’, ‘ட்வின்னிங்’, ‘பார்ட்னர்ஷிப்’ மூன்றும் மாறி மாறி வருகின்றன. ‘இரட்டை நகரம்’ என்றால் ஐதராபாத்தும் செகந்திராபாத்தும்தான் நினைவுக்கு வருகின்றன. ‘சகோதரி நகரம்’ என்று அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “அக்காவா, தங்கையா?” என்றார். அதற்கு மேல் வேலை ஓடவில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பெரம்பூர்

தம்பி, சொல் நம் வீட்டுப் பரணிலேயே கிடக்கிறது: கேண்மை. ‘கேள்’ உறவையும் குறிக்கும், நட்பையும் குறிக்கும். உறையூர்க் கோப்பெருஞ்சோழனும் பாண்டிநாட்டுப் பிசிராந்தையாரும் முகம் பாராமலே நண்பர்கள். கடல் கடந்த நகரங்களுக்கு இதைவிடப் பொருத்தம் ஏது? ‘கேண்மை நகர்’ என்று எழுதுங்கள். செவியால் கேட்பதும் இந்தக் கேளும் ஒரே வேர் என்பது என் நெடுநாள் துணிபு. ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டால்தானே உறவு! கட்டுரை பதினான்கு பக்கம், தனியே அனுப்புகிறேன்.

பள்ளி ஆசிரியை, இராயபுரம்

ஐயா, இன்று ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டுப் பார்த்தேன். கேணி உள்ள ஊர் என்று பாதிப் பிள்ளைகள் சொன்னார்கள். அது போகட்டும், சோழன் வடக்கிருந்து, அதாவது உண்ணாமல் இருந்து, உயிர்விட்டான், புலவரும் பின்னாலேயே போனார். காலநிலைத் திட்டத்துக்கு அது நல்ல சகுனமா? ‘நட்பு நகரம்’ போதுமே.

யாழ்ப்பாணத்து உறுப்பினர்

இங்கே ‘பங்காளித்துவம்’ என்று எழுதுவதுண்டு.

தண்டையார்பேட்டை

இங்கே பங்காளி என்றால் பாகப்பிரிவினை வழக்குதான் கண்முன் நிற்கும், நண்பரே.

பொறியாளர், வியாசர்பாடி (புதன்)

எந்த உறவு என்று பிரிக்காமலே சொல் தேடுகிறோம். அமெரிக்காவின் டென்வர் 1984இலும் சான் அன்டோனியோ 2008இலும் சென்னையோடு கைகோத்தன. அது நல்லெண்ண மரபு. ‘நட்பு’ அதற்குப் பொருந்தும். கையேடு பேசுவது வேலை உறவை. 2011 ஜூலை 2ஆம் நாள் இரண்டே மணி நேர மழையில் கோபன்ஹேகன் மூழ்கியது. பிறகு பூங்காக்களையும் தெருக்களையுமே மழைநீர் தங்கி வடியும் இடங்களாக மாற்றத் தொடங்கியது. சாண்டிப் புயலில் அடிபட்ட நியூயார்க் அதனிடம் பாடம் கேட்டது. காலநிலைக்காகக் கைகோத்த பெருநகரங்களின் ‘சி40’ கூட்டமைப்பில் சென்னையும் இருக்கிறது. 2023இல் காலநிலைச் செயல்திட்டம் வெளியிட்டது. நெதர்லாந்து முன்னெடுத்த திட்டத்தில் நமக்கென உருவான யோசனையின் பெயர் ‘ஆயிரம் குளங்களின் நகரம்’. நம் குளங்களை நமக்கே நினைவூட்டியிருக்கிறார்கள்!

கொசஸ்தலையாற்று வடிநிலத்து மழைநீர் வடிகாலுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021இல் ஒப்புதல் அளித்த 25.1 கோடி டாலரை இதில் சேர்க்க வேண்டாம். அதற்குத் தமிழில் சொல் இருக்கிறது: கடன்.

கொடுப்பதும் கொள்வதும் இருப்பதால் என் வாக்கு ‘சம்பந்தி நகரம்’.

பெரம்பூர்

சம்பந்தி வடசொல். ‘கொண்டான் கொடுத்தான்’ இருக்கும்போது கடன் ஏன்?

இராயபுரம்

மாப்பிள்ளை வீடு எது என்று சண்டை வரும், ஐயா. சீர்வரிசை கேட்பார்கள்.

மீனவர் சங்கத்தைச் சேர்ந்தவர், எண்ணூர்

நகரத்துக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பக்கத்தில் மாறும் காலநிலைக்கு ஈடுகொடுப்பதை ‘காலநிலைத் தகவமைப்பு’ என்று எழுதியிருக்கிறதே, என் சண்டை அதோடுதான். யார் யாரைத் தகவமைப்பது?

பெரம்பூர்

நல்ல கேள்வி. அமைதல் தன்வினை, அமைத்தல் பிறவினை. தானே பொருந்திக்கொண்டால் ‘தகவமைவு’ என்பதே சரி. ‘தகவமைப்பு’ பாடநூலில் ஒட்டகத்தோடு வந்து ஒட்டிக்கொண்டது.

எண்ணூர்

அப்படியென்றால் தகவமைவு இன்னும் மோசம், ஐயா. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆலை எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தது. வலை, படகு, நண்டு எல்லாம் கறுப்பு. அதே மாதம் 26ஆம் நாள் இரவு அமோனியா கசிந்து பெரியகுப்பத்து மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இதற்கும் நாங்களே பொருந்திக்கொள்ள வேண்டுமா? மழை கூடுவதற்கு ஈடுகொடுப்பது வேறு, ஆலைக்கு ஈடுகொடுப்பது வேறு. ஒரே சொல்லில் இரண்டையும் போட்டு மூடாதீர்கள். ‘காப்பு’ என்று எழுதுங்கள். காப்பவர் யார் என்ற கேள்வியாவது எழும்.

வியாசர்பாடி

உங்கள் கோபம் நியாயம். ஆனால் ‘காப்பு’ என்றால் இயற்கைப் பாதுகாப்போடு குழம்பும். தணிப்பு (வெப்பமாதலைக் குறைப்பது), தகவமைப்பு என்ற இணை பாடநூல் வரைக்கும் போய்விட்டது. இனி உடைப்பது கடினம்.

பெரம்பூர் (வியாழன், அதிகாலை 4.10)

கையேட்டில் மரம் வளர்ப்பதைப் ‘பசுமையாக்கம்’ என்று நீட்ட வேண்டுமா? பசு என்ற அடியிலிருந்து பசுமை, பச்சை, பைங்கூழ், பிரிவில் வாடும் தலைவியின் பசலை எல்லாம் கிளைக்கின்றன. ‘பசப்பு’ என்றே ஆளலாம்.

இராயபுரம்

ஐயா! பசப்பு என்றால் எங்கள் தெருவில் ஏமாற்று.

வியாசர்பாடி

அம்மா, விடாதீர்கள். பூந்தொட்டி வைத்துப் புகைப்படம் எடுத்துவிட்டு ஊரைப் பசுமையாக்கியதாகச் சொல்வதை ‘கிரீன்வாஷிங்’ என்கிறார்களே, அதற்குப் பசப்பு!

தண்டையார்பேட்டை (வெள்ளி)

ஒரு மணி நேரத்தில் பசப்புக்கு ஒன்பது ஆதரவு மடல்கள். இங்கே இவ்வளவு விரைவாக எதுவும் முடிவானதில்லை. கையேட்டில் அந்தச் சொல்லுக்கு இடமும் இல்லை. நான் கேட்டதற்கு ‘நட்பு நகரம்’ நான்கு, ‘கேண்மை நகர்’ இரண்டு, ‘சம்பந்தி’ ஒன்று. நட்பு நகரம் என்றே அனுப்புகிறேன். வேலை உறவு வரும் இடங்களில் ‘கற்றுக்கொள்ளும் உறவு’ என்று விரித்து எழுதிவிட்டேன். தகவமைப்பை மாற்றவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூர்

தோற்றாலும் ஒன்று சொல்கிறேன். நட்பு வன்தொடர்க் குற்றியலுகரம். நகரம் என்பதால் ஒற்றில்லாமல் தப்பித்தீர்கள். பட்டணம் என்று மாற்றினால் ‘நட்புப் பட்டணம்’. அச்சகத்தில் ப்-ஐ விழுங்கிவிடுவார்கள்.

எண்ணூர்

என் மறுப்பு அப்படியே இருக்கிறது. கழிமுகத்தில் அலையாத்தி நடுவது பற்றிய ஐந்தாம் பக்கம் நன்றாக வந்திருக்கிறது, அதற்கு நன்றி. கூட்டத்தில் கையேட்டை வாசிக்கப்போகிறவன் நான்தான். மூன்றாம் பக்கம் வரும்போது ‘காப்பு’ என்றுதான் வாசிப்பேன்.