ஐரிஷ் மரபிசை செஷன்களில் நீங்கள் கண்ட வாத்தியங்கள்: அனுபவப் பகிர்வு

டப்ளினிலிருந்து

வேலை நிமித்தம் டப்ளினுக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சென்னையில் பல ஆண்டுகள் கர்நாடக வயலின் கற்றவன் என்பதால், வந்த முதல் குளிர்காலத்திலேயே ஸ்மித்ஃபீல்டில் உள்ள காபிள்ஸ்டோன் பப்புக்கு மரபிசை கேட்கப் போய்விட்டேன். மேடை எதுவும் இல்லாமல், ஒரு மூலையில் கலைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்தபடி வட்டமாக அமர்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். கேட்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு அவர்களுடைய முதுகுதான் தெரிந்தது. யாரோ ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்குகிறார். அது தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்கிறார்கள், தெரியாதவர்கள் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு கவனிக்கிறார்கள், பெரும்பாலும் மூன்று சுற்று முடிந்ததும் தாளம் அறுபடாமல் அடுத்த மெட்டுக்குப் போகிறார்கள். இதைத்தான் இங்கே செஷன் என்கிறார்கள்.

அன்று முதல் நான் போகும் ஒவ்வொரு செஷனிலும் என்னென்ன வாத்தியங்கள் இருந்தன என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். ஃபிடில் இல்லாத இரவு என்று அதில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். ஃபிடில் என்பது வயலினேதான், வேறு வாத்தியம் அல்ல. நாம் தரையில் அமர்ந்து, அதன் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, ச-ப-ச-ப என்று சுருதி சேர்க்கிறோம். இவர்கள் நாற்காலியில் அமர்ந்து, தோளிலோ மார்பிலோ சாய்த்து, ஜி-டி-ஏ-ஈ என்று நான்கு தந்திகளையும் அடுத்தடுத்து ஐந்தாம் சுரத்தில் வைக்கிறார்கள். என் கையில் இருந்த நீண்ட கமகங்களுக்கு அந்த வேகத்தில் இடமே இல்லை என்பதையும், வில்லைக் குறுகலாகவும் அடிக்கடி திசை மாற்றியும் இழுப்பதில்தான் ரீல் என்ற வேகமான ஆட்ட மெட்டின் உயிர் இருக்கிறது என்பதையும் உணர எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

ஃபிடிலுக்கு அடுத்தபடியாக என் குறிப்பேட்டில் அதிகம் வருபவை டின் விசில் என்ற சிறு தகரக் குழலும் மரக்குழலும். பிறகு பொத்தான்கள் உள்ள துருத்தி வாத்தியமான பட்டன் அக்கார்டியன், தந்தி வாத்தியமான பேஞ்சோ, சிறு துருத்திப் பெட்டியான கான்செர்டினா. இவை அனைத்தும் மெட்டை வாசிப்பவை என்பதைக் கவனியுங்கள். செஷனில் எல்லோரும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கிறார்கள். தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்துக்கொள்வதில்லை. அதனால் ஃபிடில் ஆறு இருந்தாலும் இடிப்பதில்லை, ஆனால் கிட்டார் இரண்டு இருந்தால் உடனே இடிக்கிறது. பெரும்பாலான மெட்டுகள் டி அல்லது ஜி சுருதியில் அமைந்து, டின் விசிலின் இரண்டு ஸ்தாயிக்குள் அடங்கிவிடுவதால், பத்துப் பதினைந்து யூரோவுக்குக் கிடைக்கும் ஒரு விசிலை வைத்துக்கொண்டே ஒருவர் முழு இரவும் வட்டத்தில் உட்கார முடிகிறது. பள்ளிப் பிள்ளைகள் பலருக்கும் அதுவே முதல் வாத்தியம்.

நீங்கள் இருக்கும் ஊரில் எது அதிகம்? பட்டியல் வேண்டாம், நீங்கள் நேரில் கண்டதை எழுதுங்கள்.

என்னிஸ், கிளேர் கவுண்டியிலிருந்து

உங்கள் வரிசையில் கான்செர்டினா கடைசியில் நிற்பதைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. டப்ளினுக்கு அது சரியாக இருக்கலாம். நான் செவிலியராகப் பணிபுரியும் இந்தக் கவுண்டியில், வட்டத்தில் மூன்று கான்செர்டினாக்களைக் கண்ட இரவுகள் எனக்கு உண்டு.

கைக்கு அடக்கமான, ஆறு பக்கங்கள் கொண்ட துருத்திப் பெட்டி அது. இங்கே வாசிப்பது ஆங்கிலோ வகை. பெரும்பாலும் முப்பது பொத்தான்கள் இருக்கும். ஒரே பொத்தானைத் துருத்தியை அமுக்கும்போது அழுத்தினால் ஒரு சுரமும், இழுக்கும்போது அழுத்தினால் வேறொரு சுரமும் வரும். நம் ஆர்மோனியத்தில் கட்டையை அறிந்தால் சுரத்தை அறிந்தாயிற்று. இதில் கட்டையோடு காற்றின் திசையையும் கை நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்த இடைவிடாத திசைமாற்றமே ஜிக் என்ற ஆட்ட மெட்டுக்கு வேண்டிய துள்ளலைத் தந்துவிடுகிறது என்று என் ஆசிரியை சொல்வார். நானும் அதை நம்புகிறேன், ஏனென்றால் ஒரே திசையில் வாசிக்க வசதியாக விரலமைப்பை மாற்றிக்கொண்ட நாள்களில் என் வாசிப்பு தட்டையாகிவிடுகிறது.

ஜெர்மனியிலிருந்து மலிவாக வந்த கான்செர்டினாக்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாதாரணக் கடைகளிலேயே கிடைத்தன. கிளேரின் பண்ணை வீடுகளில் பெண்கள் அவற்றை அடுப்படி மாடத்தில் வைத்திருந்தார்கள். கில்ரஷ் ஊரில் பப் நடத்திய கான்செர்டினா கலைஞர் எலிசபெத் குரொட்டி (1885–1960) என்ற அம்மையாரை இன்றும் இங்கே மிஸஸ் குரொட்டி என்றே மரியாதையுடன் குறிப்பிடுகிறார்கள். பேஞ்சோவும் கிட்டாரும் வருவதற்கு முன்பே இந்த வாத்தியம் இங்கே வீட்டுப் பொருளாகிவிட்டது என்பதால்தான் என் ஊரின் வரிசை உங்கள் ஊரின் வரிசையைப் போல இல்லை.

நான் முதலில் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். ஜூலை மாதம் மில்டவுன் மால்பேயில் நடக்கும் வில்லி கிளான்சி கோடைப் பள்ளிக்கு (1973 முதல் நடக்கிறது) ஒரு வாரம் விடுப்பு எடுத்துப் போனேன். காலையில் வகுப்பு, மாலையில் தெருவெங்கும் செஷன். ஒரு பப்பின் பின்கட்டில் இடம் இல்லாமல் நின்றுகொண்டிருந்த என்னை, எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு மூதாட்டி தம் பக்கத்தில் உட்காரச் சொல்லி, எனக்குத் தெரிந்த ஒரே ஜிக்கைக் கேட்டு, நான் வாசிக்கும் வேகத்திலேயே தாமும் வாசித்தார். அவரைத் தொடர்ந்து அந்த அறையும் அதே வேகத்தில் வாசித்தது. அந்த இரவில் ஃபிடில் எத்தனை, குழல் எத்தனை என்று நான் எண்ணவே இல்லை.

ஸ்லைகோவிலிருந்து

இங்கே குழலும் ஃபிடிலும்தான். ஸ்லைகோ, லீட்ரிம், ராஸ்காமன் மூன்று கவுண்டிகளும் குழல் நாடு என்றே அறியப்பட்டவை. உலகப் புகழ் பெற்ற குழல் கலைஞர் மேட் மொலாய் ராஸ்காமனின் பாலகடரீனில் பிறந்தவர்.

மரக்குழல் இந்த மக்களிடம் எப்படி வந்தது என்பது அழகான வரலாறு. 1847இல் ஜெர்மானியக் குழல் கலைஞர் தியோபால்ட் போம் உருவாக்கிய விசைகள் நிறைந்த குழலுக்கு ஐரோப்பிய இசைக்குழுக்கள் மெல்ல மெல்ல மாறியபோது, அவர்கள் கைவிட்ட பழைய மரக்குழல்கள் அடகுக் கடைகளிலும் பழைய சாமான் கடைகளிலும் குறைந்த விலைக்குக் கிடைத்தன. ஆறு துளைகளை நேரடியாக விரலால் மூடித் திறக்கும் அந்தப் பழைய அமைப்பே விசிலின் அமைப்பும் என்பதால், விசில் கற்றவர் குழலுக்கு வருவது எளிது. அவருக்குப் புதிதாக வேண்டியது உதடும் மூச்சும்தான். நான் திருச்சியில் புல்லாங்குழல் கற்றவன். மூச்சை எங்கே விட்டு எடுக்கிறோம் என்பது தெரியாமல் வாசிக்கவே எனக்குக் கற்பித்திருந்தார்கள். இங்கே என் பக்கத்தில் அமரும் கலைஞரோ மூச்சு எடுப்பதற்காக ஒரு சுரத்தையே விட்டுவிடுகிறார், அந்த விடுபட்ட இடமும் தாளத்தில் சரியாக விழுகிறது. அதை முதலில் குறையாகக் கேட்ட என் காது மாறுவதற்குப் பல மாதங்கள் பிடித்தன.

ஃபிடிலைப் பொறுத்தவரை, ஸ்லைகோவிலிருந்து நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த மைக்கேல் கோல்மன் 1920களில் பதிவு செய்த இசைத்தட்டுகள் கப்பலேறித் தாய்நாட்டுக்குத் திரும்பி வந்து, தீவு முழுவதும் ஃபிடில் வாசிப்பை மாற்றின. இன்றும் எங்கள் செஷனில் ஒரு மெட்டுக்குப் பின் எந்த மெட்டு என்ற வரிசை பல நேரம் அந்த இசைத்தட்டுகளின் வரிசையாகவே இருக்கிறது.

டிராலி, கெரி கவுண்டியிலிருந்து

எங்கள் பக்கம் அக்கார்டியன். இங்கே அதை பாக்ஸ் என்றுதான் சொல்வார்கள். கெரியும் கார்க்கும் சந்திக்கும் ஷ்லீவ் லூக்ரா பகுதியில் ரீலைவிட போல்கா, ஸ்லைடு என்ற ஆட்ட மெட்டுகள் அதிகம். ஆடுபவர்களின் காலடிக்காகவே வாசிக்கப்பட்ட இசை என்பதால், கூட்டத்தின் சத்தத்தையும் காலடிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும் வாத்தியம் முன்னுக்கு வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒரு பாக்ஸ், ஒரு ஃபிடில். இரண்டு பேர் போதும், அது முழு செஷன்தான்.

கால்வேயிலிருந்து

பௌரான் பற்றி யாரும் எழுதவில்லை. நான் எழுத வேண்டியவன். நான் மிருதங்கமும் கொஞ்சம் கஞ்சிராவும் கற்றவன். பௌரான் என்பது ஆட்டுத்தோல் போர்த்திய வட்டச் சட்டப் பறை. ஒரு கையில் குச்சியைப் பிடித்து அதன் இரு முனைகளாலும் அடிக்கிறார்கள், மறு கையைத் தோலின் உட்புறத்தில் வைத்து அழுத்தி நாதத்தை ஏற்றி இறக்குகிறார்கள். தோல் அதிகமாக இறுகிவிட்டால் கொஞ்சம் தண்ணீர் தடவுவதைக் கண்டபோது கஞ்சிராவை நினைத்துக்கொண்டேன். இது என் வாத்தியம் என்று அன்றே முடிவு செய்து, ஒன்றை வாங்கி, மறுவாரமே நகரின் ஒரு பப்பில் நடந்த செஷனுக்கு எடுத்துச் சென்றேன்.

அங்கே ஏற்கெனவே ஒருவர் பௌரான் வாசித்துக்கொண்டிருந்தார். யாரையும் கேட்காமல் வட்டத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, நானும் வாசித்தேன். தனி ஆவர்த்தனத்தில் செய்வதைப் போலக் கணக்குகளைப் போட்டேன், எதிரெடுப்புகளைக் கொடுத்தேன். இரண்டாவது மெட்டின் நடுவில் ஃபிடில் கலைஞர் வில்லை எடுத்துவிட்டார். மெட்டு நின்றது. ஒருவரும் கடிந்து பேசவில்லை. பக்கத்தில் இருந்த குழல் கலைஞர் மட்டும் என்னிடம் தாழ்ந்த குரலில், இந்த மெட்டின் தாளம் மெட்டுக்குள்ளேயே இருக்கிறது, அதை நீங்கள் கேட்டு முடித்த பிறகு வாசிக்கலாம் என்றார்.

அன்றிரவு வீட்டுக்கு வந்து நெடுநேரம் வருந்தினேன். அவர் சொன்னதை நேர்மையாக யோசித்தபோது உண்மை புரிந்தது. வில்லின் அழுத்தத்திலும், குழலின் மூச்சிலும், துருத்தியின் திருப்பத்திலும் லயம் முழுமையாக இருக்கிறது. பறை இல்லாமலே இந்த இசை நிற்கிறது. பழைய நாளில் பௌரான் டிசம்பர் 26ஆம் நாள் சிறுவர்கள் வீடுவீடாகப் போகும், ரென் என்ற சிறு பறவையின் பெயர் கொண்ட ஊர்வலத்தோடு சேர்ந்திருந்தது. 1960களில் இசையமைப்பாளர் ஷான் ஓ ரியாடா தம் குழுவில் அதைச் சேர்த்த பிறகே அரங்கிலும் செஷனிலும் நிலையான இடம் பெற்றது. அதனால்தான் ஒரு வட்டத்தில் ஒரு பௌரான் என்ற நாகரிகத்தைப் பல இடங்களில் கடைப்பிடிக்கிறார்கள். அடுத்த நான்கு மாதங்கள் அதே பப்புக்குக் கையில் ஒன்றும் இல்லாமல் போய்க் கேட்டேன். ஐந்தாம் மாதம், பௌரான் கலைஞர் வராத ஓர் இரவில், அந்தக் குழல் கலைஞரே என் பௌரான் எங்கே என்று கேட்டார்.

லண்டனிலிருந்து

அயர்லாந்தில் இல்லாத நான் இங்கே எழுதக் காரணம், பப்பில் நடக்கும் செஷன் என்ற வழக்கமே இந்த ஊரோடு மிக நெருங்கியது என்பதுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கட்டட வேலைக்கு வந்த ஐரிஷ் தொழிலாளர்கள் நெருக்கமான வாடகை அறைகளில் வாழ்ந்தார்கள். ஊரில் அடுப்படியில் கூடி வாசித்தவர்களுக்கு இங்கே கேம்டன் டவுன் பப்கள்தான் கூடும் இடமாயின.

நான் போகும் செஷனில் நான்கு தந்தி டெனர் பேஞ்சோ கட்டாயம் இருக்கும். அமெரிக்காவில் உருவான அதை, ஃபிடிலுக்கு ஒரு ஸ்தாயி கீழே ஜி-டி-ஏ-ஈ என்று சுருதி கூட்டுகிறார்கள். டப்ளினர்ஸ் குழுவின் பார்னி மெக்கென்னா அதைப் பிரபலப்படுத்தினார். துணை வாத்தியமாக புஸூகி வருகிறது. கிரேக்க நாட்டுத் தந்தி வாத்தியமான அதை 1960களின் நடுவில் ஜானி மொய்னஹன் என்ற கலைஞர் ஐரிஷ் இசைக்குள் கொண்டுவந்தார் என்றால் பலர் வியப்படைகிறார்கள். கிட்டார் வாசிப்பவர் ஒருவரே இருப்பார், இரண்டாமவர் வந்தால் மாற்றி மாற்றி வாசிப்பார்கள். இரண்டு பேர் ஒரே மெட்டுக்கு வெவ்வேறு கார்டுகளை (சுரக்கூட்டுகளை) பிடிக்கும்போது மெட்டு கலங்கிப்போவதை ஒரே ஒரு முறை கேட்டேன். அதற்குப் பிறகு அந்த நாகரிகத்துக்கு விளக்கம் கேட்கவில்லை.

மீண்டும் டப்ளினிலிருந்து

கால்வே நண்பருக்கு மனமார்ந்த நன்றி. அதை எழுதுவது எளிதாக இருந்திருக்காது.

ஒரு வாத்தியம் விடுபட்டுவிட்டது. இல்லன் பைப்ஸ் என்ற அயர்லாந்தின் துருத்திக்குழலை என் குறிப்பேட்டில் நான்கைந்து இரவுகளில்தான் பதிந்திருக்கிறேன். வாயால் ஊதாமல், முழங்கைக்குக் கீழே கட்டிய துருத்தியால் பைக்குக் காற்று ஏற்றுகிறார்கள். மெட்டு வாசிக்கும் குழலில் நம் நாதஸ்வரத்தின் சீவாளியைப் போன்ற இரட்டை நாணல். ஈரம் மாறினால் நாணலும் மாறுகிறது என்பதால், அந்தக் கலைஞர் செஷன் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்னதாகவே வந்து நாணலைச் சீர்செய்வதைப் பார்த்திருக்கிறேன். கற்க ஏழு, பழக ஏழு, வாசிக்க ஏழு என்று இருபத்தொரு ஆண்டுக் கணக்கு ஒன்றை இங்கே சொல்வார்கள். ஒரு காலத்தில் அழிந்துவிடும் என்று அஞ்சிய கலை. 1968இல் தொடங்கப்பட்ட நா பீபரி இல்லன் என்ற கலைஞர் சங்கம் அதைத் தாங்கிப் பிடித்தது. 2017இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பைப்ஸ் வந்த இரவில் சுருதி மாற்றக்கூடிய மற்ற வாத்தியங்கள் அதன் சுருதிக்கு வந்து சேர்கின்றன.

இனி, ஃபிடில் இல்லாத அந்த இரவு. ஜனவரி மாதம், புயல் எச்சரிக்கை இருந்ததால் வட்டத்தில் மூன்றே பேர் இருந்தார்கள்: ஒரு குழல், ஒரு கான்செர்டினா, யாழ் போன்ற ஒரு ஹார்ப். நானும் வயலின் பெட்டியை வீட்டிலேயே விட்டு வந்திருந்தேன். நாட்டின் நாணயத்தில் பொறித்திருக்கும் ஹார்ப்பை செஷனில் அதற்கு முன் நான் கண்டதில்லை. அதன் ஒலி மென்மையானது, பேஞ்சோவுக்கும் அக்கார்டியனுக்கும் நடுவில் அது கேட்காது. அரைச்சுரம் மாற்ற ஒவ்வொரு தந்திக்கும் மேலுள்ள சிறு நெம்புகோலைத் திருப்ப வேண்டும். பேருந்தில் தூக்கிவருவதும் எளிதல்ல. அந்தப் பெண் ஒரு மெதுவான மெட்டைத் தொடங்கியதும் குழலும் கான்செர்டினாவும் சேராமல் நின்றன. பப்பில் இருந்த எட்டுப் பத்துப் பேரும் பேச்சை நிறுத்தினார்கள். தந்திகளின் ஒலி அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, குழல் கலைஞர் அதே மெட்டை மீண்டும் முதலிலிருந்து வாசிக்குமாறு கேட்டுக்கொண்டார். அந்தப் பெண் மீண்டும் வாசித்தார்.