சர்ச்சைக்குரிய நீதிபதியை அவர் பட்ட பாடுகளைக் கொண்டு புரிந்துகொள்ள முடியுமா?

கேள்வி: சட்ட மாணவன், குலசேகரம்

என் அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. இடஒதுக்கீடு இல்லையென்றால் சட்டக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்திருக்காது. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய தன்வரலாற்றை அண்மையில் படித்தேன். 1948இல் ஜார்ஜியா மாநிலத்தின் பின் பாயிண்ட் என்னும் சிற்றூரில் பிறந்த அவர், தந்தை கைவிட்டுப்போய், குடியிருந்த வீடும் எரிந்துபோன பிறகு, சவானா நகரில் எரிபொருள் எண்ணெய் விற்றுவந்த தாத்தாவின் வீட்டில் வளர்ந்தார். அதிகம் படிக்காத அந்தத் தாத்தா, முடியாது என்ற கிழவன் செத்துவிட்டான், அவனைப் புதைத்ததில் தமக்கும் பங்குண்டு என்று பேரன்களிடம் சொல்வாராம். அந்தப் பக்கத்தில் என் தாத்தாவையே கண்டேன். ஆனால் 2023இல், கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கருதக் கூடாது என்ற தீர்ப்புக்கு உடன்பட்டு, தனியாகவும் நீண்ட கருத்துரை எழுதியவர் அதே மனிதர்தான். இவ்விரண்டையும் எப்படிச் சேர்த்துப் பார்ப்பது என்று பெரியவர்கள் விளக்க வேண்டும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற வழக்கறிஞர், குழித்துறை

தம்பி, அந்தக் கருத்துரைக்கான விதையை, யேல் பல்கலைக்கழகத்தில் அவர் பெற்ற சட்டப் பட்டத்தில் தேடுங்கள். 1974இல் பட்டம் பெற்று வேலை தேடியபோது, கறுப்பினத்தவர் என்பதற்காகக் கிடைத்த சலுகைப் பட்டம்தானே இது என்ற ஐயத்தோடு தம்மை நேர்காணல் செய்தார்கள் என்று அவர் எழுதுகிறார். சுருட்டுப் பொட்டலத்திலிருந்த பதினைந்து சென்ட் விலைச்சீட்டை உரித்து, அந்தப் பட்டச் சான்றிதழின் சட்டகத்தில் ஒட்டிவைத்தார். தம் உழைப்பின் மதிப்பைச் சலுகையே குறைத்துவிட்டது என்ற வருத்தம் ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் ஆறவில்லை. அந்த வலி உண்மையானது என்றே நான் நம்புகிறேன். ஆனால் ஐயப்பட்டவர்களின் குற்றத்தை, கதவைத் திறந்துவிட்ட ஏற்பாட்டின் மேல் அவர் ஏற்றிவிட்டார் என்பது என் முடிவு.

நம் சூழல் வேறு என்பதையும் மறக்க வேண்டாம். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை உச்ச நீதிமன்றம் 1951இல் செல்லாதென்றதும், அதே ஆண்டில் அரசமைப்பின் முதல் திருத்தம், பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அனுமதிக்கும் 15(4) என்ற பிரிவைச் சேர்த்தது. அமெரிக்க அரசமைப்பில் அப்படி வெளிப்படையான பிரிவு இல்லை. 1868இல் வந்த சமப் பாதுகாப்பு விதியைப் பொருள்கொள்வதில்தான் வழக்கே நடந்தது.

மறுமொழி: ஆசிரியை, மார்த்தாண்டம்

அவருடைய மௌனம் என்னை மிகவும் பாதித்தது. 2006 முதல் 2016 வரை பத்து ஆண்டுகள் வாய்மொழி விசாரணையில் அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சிறுவயதில் பேசிய, அப்பகுதிக் கறுப்பின மக்களின் வட்டார மொழியான கல்லாவை (Gullah) பிறர் கேலி செய்ததால், பேசுவதைவிடக் கவனித்துக் கேட்கும் பழக்கம் வந்தது என்று அவரே மாணவர்களிடம் கூறியிருக்கிறார். விளவங்கோட்டுப் பேச்சோடு சென்னை விடுதியில் போய் நின்று, "நீ மலையாளியா?" என்ற சிரிப்பைக் கேட்டு ஓராண்டு வாய்திறக்காமல் இருந்த எனக்கு இது நன்றாகவே புரிகிறது.

ஆயினும் அதே அமர்வில் இருந்த சோனியா சோட்டோமயரையும் பாருங்கள், தம்பி. நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, ஒன்பது வயதில் தந்தையை இழந்து, யேலிலேயே சட்டம் படித்த அவர், இனத்தைக் கருதும் சேர்க்கை முறையே தமக்கு வழி திறந்தது என்று வெளிப்படையாகச் சொல்பவர். 2023இல் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். ஏறக்குறைய ஒரே பாதையில் வந்த இருவர் எதிரெதிர் முடிவுகளுக்கு வந்திருக்கும்போது, பட்ட பாடு தீர்ப்பைத் தீர்மானித்தது என்று எப்படிச் சொல்வது?

மறுமொழி: வாசகி, நாகர்கோவில்

1991இல் தாமஸை உச்ச நீதிமன்றத்தில் நியமிப்பதற்கான விசாரணையில், தம்மிடம் அவர் பாலியல் முறையில் தகாதபடி பேசினார் என்று சாட்சியம் அளித்த அனிதா ஹில்லைப் பற்றி இதுவரை ஒருவரும் பேசவில்லை. ஓக்லஹோமாவின் விவசாயக் குடும்பத்தில் பதின்மூன்று பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்து, யேல் வரை சென்றவர் அவர். தாமஸ் குற்றச்சாட்டை முழுமையாக மறுத்தார். செனட் 52க்கு 48 என்ற வாக்குகளில் அவரை ஏற்றது. தன்வரலாறு எழுதியவரின் கண்ணீரை மட்டும் அளந்துவிட்டு எதிரில் நின்றவரின் வாழ்க்கையைப் படிக்காமல் விடுவது எனக்குச் சம்மதமில்லை.

கேள்வி கேட்டவர்

அக்கா சொன்னது என்னைச் சுட்டது. சோட்டோமயரின் மாறுபட்ட தீர்ப்பையும் அனிதா ஹில்லின் சாட்சியத்தையும் தேடி எடுத்துவிட்டேன். இரண்டையும் படித்து முடித்த பிறகு மீண்டும் எழுதுகிறேன்.