சிறப்புப் பள்ளிக்கு நாய் வருகிறது: முதல் நாளுக்கு முன் என்ன பார்க்கணும்?

கேள்வி (சிறப்பாசிரியர், வேளச்சேரி):
6 முதல் 10 வயது வரை எட்டுப் பிள்ளைகள். மூவருக்கு மூளை முடக்குவாதம், மற்றவர்களுக்கு ஆட்டிசம். ஒரு பெற்றோர் தன் லாப்ரடார் நாயைப் பிள்ளைகளின் பயிற்சிக்காக வாரம் ஒருநாள் கூட்டிவரத் தயார். மூன்று வயது, யாரையும் கடித்ததில்லை. அது போதுமா? எல்லாரையும் சேர்த்து உட்கார வைக்கலாமா?

பதில் 1 (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்):
சேர்த்து வேண்டாம் மேடம். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை, 20 நிமிடம். நாய்க்கு ஓர் ஆள், பிள்ளைக்கு ஓர் ஆள். இரண்டையும் ஒருவரே பார்த்தால் ஏதோ ஒன்று கண்ணில் படாமல் போகும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன வேலை என்று முன்பே எழுதிவையுங்கள். ‘நாயோடு விளையாடுவது’ கணக்கில் வராது. வலக்கை இறுகியிருந்தால், பிரஷ்ஷை அந்தக் கையில் பட்டி போட்டுக் கட்டி, படுத்திருக்கும் நாயின் தோளிலிருந்து இடுப்பு வரை பத்து இழுப்பு. முழங்கை எவ்வளவு நீள்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பந்தைப் பிடிப்பதைவிட விடுவதுதான் கை இறுகிய பிள்ளைகளுக்குக் கஷ்டம். எதிரே நாய் காத்திருக்கும்போது விரலை விரிக்க ஒரு காரணம் கிடைக்கிறது. பேச்சு வராத பிள்ளை ‘உட்கார்’ பட அட்டையைக் காட்டினால் உட்காரும்படி நாயைப் பழக்கலாம்.

பயப்படும் பிள்ளைக்கு முதலில் போட்டோ, பிறகு பத்தடி தள்ளி நாய். கையைப் பிடித்து இழுத்து நாய்மேல் வைப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. அப்புறம் அந்தப் பிள்ளை அறைக்குள்ளேயே வராது.

பதில் 2 (கால்நடை மருத்துவர்):
‘கடித்ததில்லை’ என்பது போதாது. பிள்ளைகள் இல்லாத நேரத்தில் சக்கர நாற்காலியைப் பின்னால் உருட்டுங்கள், வாக்கரைக் கீழே போடுங்கள், திடீரென்று கத்துங்கள். திடுக்கிடலாம், சில நொடியில் தெளிந்துவிட வேண்டும். உறுமினாலோ மூலையில் ஒண்டினாலோ அந்த நாய் வேண்டாம்.

வெறிநாய் தடுப்பூசி, நம் மழைக்காலத்துக்கு லெப்டோ (எலிக்காய்ச்சல்) ஊசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து எல்லாம் தேதி தவறாமல் போட்டிருக்கணும். மாநகராட்சி உரிமமும் வேண்டும். பச்சை இறைச்சி தின்னும் நாய் கூடாது, சால்மோனெல்லா கிருமி பரவும். கத்திரி வெயிலில் காலை 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். நாய் கொட்டாவி விட்டால் ‘தூக்கம் வருது’ என்று சிரிப்பார்கள். ஆனால் கொட்டாவியோடு உதட்டை நக்கி, முகத்தையும் திருப்பினால் அது ‘போதும்’ என்கிறது. உடனே வெளியே கூட்டிப்போங்கள்.

பதில் 3:
ஆஸ்துமா, அலர்ஜி உண்டா என்று பெற்றோரிடம் எழுதி வாங்குங்கள். நகக்கீறலில் தோல் கிழிந்தால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, ஊசி போட்ட நாயாக இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி சார். ஒரு பையன் யாரைப் பார்த்தாலும் கழுத்தைக் கட்டிக்கொள்வான். அவனுக்கு?

பதில் 1:
கழுத்தை இறுக்குவது பெரும்பாலான நாய்களுக்குப் பிடிக்காது. நாயின் முகம் அவனுக்கு எதிரே வராமல் பக்கவாட்டில் உட்கார வைத்து, மடியில் ஒரு கனமான தலையணை கொடுங்கள். ஒரு கை தலையணையை அணைக்கட்டும், மறு கை நாயின் முதுகில்.