குடியுரிமையா, கோயில் உபயமா: கள ஆய்வில் ஒரு சிக்கல்

சமூகவியல் இறுதியாண்டு ஆய்வுக்காகக் இலங்கையின் வடக்கே கிளிநொச்சி தர்மபுரம், பாரதிபுரம் பக்கம் நேர்காணல் செய்கிறேன். தமிழருக்கு எதிரான 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய, இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். மதமும் குடியுரிமையும் இவர்களுடைய அடையாளத்தில் எப்படிச் சேர்கின்றன என்பதுதான் தலைப்பு.

சிக்கல் இது: குடியுரிமை பற்றிக் கேட்டால் பேச்சு சட்டத்தோடு முடிந்துவிடுகிறது. 1948 சட்டம் குடியுரிமையைப் பறித்தது, 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஆட்களை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பங்கு பிரித்தது, 2003 சட்டம் மிச்சமிருந்தவர்களுக்குக் கொடுத்தது. "இப்ப அடையாள அட்டை இருக்குத்தானே" என்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் கோயில் கதை வந்தால் பேச்சு நிற்பதில்லை. காணி கொடுத்தது யார், நிர்வாக சபையில் யார், திருவிழா உபயம் (ஒரு நாள் திருவிழாவைப் பொறுப்பேற்றுச் செய்யும் உரிமை) யாருக்கு, யாருக்கு இல்லை. பெந்தெகொஸ்தே சபைக்கு மாறிய ஒரு அக்கா, "அங்க எந்தத் தோட்டத்து ஆள் என்று யாரும் கேக்கிறதில்லை" என்றார். எனக்கு இதுதான் உண்மையான குடியுரிமைப் பேச்சாகப் படுகிறது.

வினாக்கொத்தை விட்டுவிட்டு வாழ்க்கைக் கதையாகக் கேட்டுப் பார்த்தாயிற்று. குடியுரிமையை மூன்றாகப் பிரித்த சமூகவியலாளர் மார்ஷல் சொன்ன சிவில், அரசியல், சமூக உரிமைகளுக்குள் போட்டுப் பார்த்தேன். உபய உரிமை எதிலும் ஒழுங்காக அடங்கவில்லை. மதத்தைச் சமூகவியலாக ஆராய்ந்த டேர்க்கைம் கூட்டத்தின் ஒற்றுமையை விளக்குகிறார். அந்தக் கூட்டத்தில் ஓரமாக நிற்பவருக்கு அவரிடம் அதிகம் இல்லை. மேற்பார்வையாளர் "சட்டத்தோடு நில்லும்" என்கிறார் (சரி, அவருக்கும் திருத்துவது சுலபம்). முதல் வரைவு அடுத்த மாதம் கொடுக்க வேண்டும்.

கோயில், சபை உறுப்புரிமையைக் குடியுரிமையின் ஒரு வடிவமாக வைத்து ஆராய எந்தக் கோட்பாடு பொருந்தும்?