கொழுப்பிலிருந்து எடுக்கும் ஸ்டெம் செல்: கலைச்சொல் தேவை (அவசரம்)

அஸ்தம்பட்டி ஆசிரியை:
வணக்கம். செவிலிய மாணவியருக்கான கையேடு திங்கட்கிழமை செவ்வாய்ப்பேட்டை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒரு பத்தி மட்டும் நகர மறுக்கிறது. வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுத்து, நொதியிட்டுப் பிரித்து வளர்க்கும் ஸ்டெம் செல்களுக்கு (வேறு வகைச் செல்களாக மாறவல்ல செல்கள்) புற்றுக்கட்டியை நாடிச் செல்லும் இயல்பு உண்டு. அவற்றில் ஒரு நொதியின் மரபணுவை ஏற்றி அனுப்பினால், ஃபுளூரோசைட்டோசின் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தைக் கட்டியின் உள்ளேயே ஃபுளூரோயுராசில் என்ற புற்றுநோய் மருந்தாக மாற்றிவிடும். எலிகளில் கட்டியின் வளர்ச்சி குன்றியிருக்கிறது. ‘கட்டியொடுக்கிக் கொழுப்புக் குருத்தணு’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

ஏற்காட்டுப் புலவர்:
அம்மா, குருத்து ஆகாது. ‘புறக்காழனவே புல்லென மொழிப’ என்கிறது தொல்காப்பிய மரபியல்; காழ் என்றால் வயிரம், வெளிப்புறம் வயிரமுள்ளது புல். தென்னை, பனை, கமுகு ஆகிய புல்லினமே குருத்து விடும். அகக்காழுள்ள, அதாவது உள்ளே வயிரமுள்ள, மரத்துக்குத் தளிர், கொழுந்து. இங்கே காப்பித் தோட்டத்தில் எவரும் குருத்து என்று சொல்லிக் கேட்டதில்லை. கொழுப்பு, கொழுந்து இரண்டும் ‘கொழு’ என்ற ஒரே வேரில் கிளைத்தவை. ஆகவே ‘கொழுந்தணு’. கொழுப்புக்கு நிணம் என்ற பழஞ்சொல் இருக்க வேறு எதற்கு?

கன்னங்குறிச்சி மாணவர்:
ஐயா, வகுப்பில் கொழுந்தணு என்றால் எல்லாருக்கும் கொழுந்தன்தான் நினைவுக்கு வருவார். குருத்தணுவிலும் சிக்கல் இருக்கிறது. இந்தச் செல் எலும்பாக, கொழுப்பாக, குருத்தெலும்பாக மாறவல்லது. ‘குருத்தணு குருத்தெலும்பாகும்’ என்று எழுதினால் குருத்தெலும்பிலிருந்து வந்த அணு என்றே படிப்பார்கள்.

ஆத்தூர் மருத்துவர்:
நிணம் வேண்டவே வேண்டாம். நிணநீர்க்கணுவில் புற்று பரவியதா என்று நாள்தோறும் நோயாளிகளிடம் பேசுகிறோம். இதையும் நிணம் என்றால் குழப்பம் உயிர்போகிற இடத்தில் வரும்.
எனக்கு உறுத்துவது முன்னால் நிற்கும் ‘கட்டியொடுக்கி’. மரபணு ஏற்றாத இதே செல்கள் கட்டிக்குப் புது இரத்தக் குழாய்களை வளர்த்து ஊட்டம் கொடுத்ததையும் ஆய்வகங்கள் கண்டிருக்கின்றன. பெயரிலேயே நற்சான்று எழுதிக் கொடுத்துவிட்டால், நாளை யாராவது அதைப் பலகையில் எழுதிக் கடை திறப்பார்கள். இவ்வகைச் செல்களுக்கு ‘மீசன்கைமல் ஸ்டெம் செல்’ என்று 1991-இல் பெயர் வைத்த ஆர்னால்டு கேப்லனே, ஸ்டெம் என்ற சொல் மக்களைத் தவறாக நம்பவைக்கிறது என்று 2017-இல் பெயரை மாற்றச் சொன்னார்.

ஏற்காட்டுப் புலவர்:
அப்படியானால் தமிழ்ப் பெயர் வைக்க இதைவிட நல்ல நேரம் ஏது? மேலும் ‘கொழுப்புக் குருத்தணு’ என்ன தொகை? கொழுப்பிலிருந்து பெற்ற அணுவா, கொழுப்பை ஆக்கும் அணுவா? உருபும் பயனும் உடன் தொக்க தொகை (வேற்றுமை உருபும் அதன் பொருளை விளக்கும் சொல்லும் மறைந்து நிற்பது) என்றால் பயன் எது என்று சொல்லுங்கள்.

கன்னங்குறிச்சி மாணவர்:
‘கொழுப்புவழி’ என்று போட்டால் அந்தக் கேள்வி எழாது.

அஸ்தம்பட்டி ஆசிரியை:
அச்சகத்தார் இரண்டு முறை அழைத்துவிட்டார். ‘கொழுப்புவழி ஸ்டெம் செல்’ என்று அனுப்புகிறேன். கட்டியொடுக்கியை நீக்கிவிட்டேன், மருத்துவர் சொன்ன மறுபக்கத்தை அடுத்த வரியில் சேர்த்திருக்கிறேன்.

ஏற்காட்டுப் புலவர்:
மெய்யெழுத்து மொழிமுதலில் வராது. ‘ஸ்டெம்’ என்பதற்கு என் மறுப்பைப் பதிவு செய்க. காழ் என்ற சொல்லைப் பற்றித் தனி மடல் வரும்.