வேங்கை நிலை வச்சா சுவத்துல மஞ்சக் கறை வருமா?

செல்வி_திண்டுக்கல்:
எல்லாருக்கும் வணக்கம். வீடு கட்டிட்டு இருக்கோம், தலைவாசலுக்கு தேக்கு, உள்ள அஞ்சு கதவு நிலையும் வேங்கைன்னு முடிவு பண்ணிருக்கோம். ஆசாரி நல்ல மரம்னுதான் சொல்றார், ஆனா சித்தி வீட்டுல வேங்கை நிலை வச்சு முத மழைக்கே வெள்ளச் சுவத்துல மஞ்சளா இறங்கிடுச்சு, பட்டி பாத்து பெயின்ட் அடிச்சும் மறுபடி மறுபடி வருது, அதான் பயமா இருக்கு. இன்னொன்னு, டிப்போல காட்டுன மரம் நல்ல ஆரஞ்சு செவப்பா இருந்துச்சு, அதுவும் வேங்கைதானா?

மரவேலை_மணி:
அக்கா, 20 வருஷமா இந்த வேலைதான் பாக்குறேன், வேங்கைய தாராளமா வைங்க. காஞ்ச தேக்கு ஒரு கன அடி 18 கிலோ கிட்ட வரும்னா வேங்கை 22 கிலோ வரும், அவ்வளவு கெட்டி, அந்தக் காலத்துல வண்டி, ஏர்க்கலப்பைக்கெல்லாம் இதத்தான் போட்டாங்க. வைரத்துல, அதான் கெட்டியான நடு மரத்துல, கரையான் சுலபமா ஏறாது, ஆனா ஓரத்துல வர்ற வெள்ளைய விட்டுட்டா அதுலதான் முதல்ல பிடிக்கும், அறுக்கும்போதே கழிக்கச் சொல்லுங்க. ஆணிய நேரா அடிச்சா பொளந்துக்கும், துளை போட்டுட்டுதான் அடிக்கணும்.

கறை மரத்தோட குத்தம் இல்லக்கா, வைரத்துலயே மஞ்சச் சாயம் இருக்கு, அது தண்ணில கரையும். நம்மாளுங்க பச்சை மரத்துல நிலை செஞ்சு செங்கல் வைக்கும்போதே நிறுத்திடுறாங்க, அப்புறம் க்யூரிங்னு தினமும் தண்ணி ஊத்துறாங்க, சாயம் இறங்காம என்ன பண்ணும்? மரம் நல்லா காஞ்சிருக்கணும். நிறுத்துறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் பிரைமர் அடிங்க, சுவத்துக்குள்ள போற பக்கத்தையும் கால் ரெண்டோட வெட்டுவாயையும் விட்டுடாதீங்க, அதுதான் தண்ணிய உறிஞ்சும். பூச்சு காயிற வரைக்கும் பாலிதீன் சுத்தி வைங்க. சித்தி வீட்டுல ஈரம் வர்ற வழிய அடைச்சு, சுவர் காஞ்சதும் ஆயில் பிரைமர் ஒரு கோட் குடுத்துட்டு அதுக்கு மேல பட்டி பாக்கச் சொல்லுங்க.

கொல்லிமலைக்காரன்:
ஆரஞ்சு செவப்புன்னா ஆப்பிரிக்காவுல இருந்து வர்ற படாக்ங்கிற மரமா இருக்கலாம்ங்க, அதுவும் வேங்கை, செஞ்சந்தனம் இருக்குற அதே குடும்பம்தான், மட்டமான மரம் இல்ல, ஆனா நாட்டு வேங்கை விலைக்கு வாங்காதீங்க. நாட்டு வேங்கை பொன் கலந்த பழுப்பு, கருங்கோடு ஓடும். சிராய் கொஞ்சம் கண்ணாடி டம்ளர்ல ஊறப்போட்டு வெயில்ல சாய்ச்சுப் பாருங்க, தண்ணி பழுப்பாவும் ஓரத்துல நீலமாவும் மின்னும். எங்க அப்பத்தா பட்டைய கீறி வடியிற செம்பாலக் காய வச்சுதான் குழந்தைகளுக்கு பொட்டு வைப்பாங்க, அந்த மரமெல்லாம் இப்ப ரொம்பக் கொறஞ்சு போச்சு, அதனால ஒரு துண்டு கூட வீணாக்காம அறுங்க.

செல்வி_திண்டுக்கல்:
ரொம்ப நன்றி மணி தம்பி, அண்ணே உங்களுக்கும். நாளைக்கு டிப்போ போயி சிராய் கேட்டு வாங்கிட்டு வர்றேன், ஊறப்போட்டுப் பாத்துட்டு இங்கயே போட்டோ போடுறேன்.