கடலோர வீட்டில் பழைய ஜிம் சாமான்: துருவை எடுத்து பெயின்ட் அடிப்பது எப்படி?

மொட்டைமாடி ஜிம், ராயபுரம்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஏரியாவில் ரொம்ப வருஷமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு சின்ன ஜிம்மை மூடிவிட்டார்கள். சாமானெல்லாம் காயலான் கடைக்குப் போகப்போகிறது என்று கேள்விப்பட்டு, எடை போட்டு இரும்பு விலைக்கே கொஞ்சம் வாங்கி வந்துவிட்டேன். சாய்வை மாற்றுகிற மாதிரி ஒரு பெஞ்ச், ராடைத் தாங்கும் ஒரு ஸ்குவாட் ஸ்டாண்ட், ஏழடி ராடு ஒன்று, வார்ப்பிரும்பு பிளேட்டுகள், சில டம்பெல்கள். எல்லாம் கனமான பைப்பில் செய்தது, இந்த விலைக்கு ஆன்லைனில் வருகிற மெல்லிசு பெஞ்ச் ஆள் உட்கார்ந்தாலே ஆடுகிறது, அதனால் இதை எப்படியாவது தேற்றிவிட வேண்டும் என்று ஆசை.

நிலைமை இதுதான். ஸ்டாண்டில் பெயின்ட் அங்கங்கே கொப்புளித்து நிற்கிறது, நகத்தால் கீறினால் செதில் செதிலாக வருகிறது, அடியில் காவி நிறத்தில் பொடி. பெஞ்சின் கால் தரையைத் தொடும் இடத்தில் துரு இன்னும் அதிகம். பிளேட்டுகளில் ஏற்கெனவே பலமுறை பெயின்ட் அடித்திருக்கிறார்கள் போல, கறுப்புக்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே சாம்பல், எடை எழுத்தே மூடிப்போய்விட்டது. ராடில் கை பிடிக்கிற இடத்தில் குரோம் உரிந்திருக்கிறது. பெஞ்சின் ரெக்சின் கிழிந்து ஃபோம் தெரிகிறது.

வீட்டிலிருந்து கடல் நடக்கிற தூரம். மொட்டைமாடியில் ஷீட் போட்ட இடத்தில்தான் வைக்கப்போகிறேன். பழைய பெயின்ட்டை முழுக்க எடுக்க வேண்டுமா, துருவை மட்டும் தேய்த்துவிட்டு மேலே அடித்தால் போதுமா? பவுடர் கோட்டிங்குக்குக் கொடுக்கலாமா, கையாலேயே எனாமல் அடிக்கலாமா? பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் துரு உடனே போய்விடும் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார், செய்யலாமா? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கிரில் பட்டறை, வியாசர்பாடி

தம்பி, பெயின்ட் கதை அப்புறம். முதலில் இந்த இரும்பு உங்கள் நெஞ்சுக்கு மேல் நூறு கிலோவைத் தாங்குமா என்று பாருங்கள். எல்லா நட்டு போல்ட்டையும் கழற்றிவிடுங்கள், கழற்றுவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு வெல்டிங் ஜாயின்டையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, டார்ச் அடித்துப் பாருங்கள். வெல்டிங் ஓரத்தில் தலைமுடி மாதிரி மெலிசாக ஒரு துருக்கோடு ஓடினால் அது பெரும்பாலும் விரிசல். குறிப்பாக ராடு உட்காரும் கொக்கி, பெஞ்ச் மடங்கும் இடம், சாய்வு மாற்றும் பின் போகும் ஓட்டை, இந்த மூன்றையும் விடாதீர்கள். ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் பின் ஒரு நாள் நழுவும்.

பைப்பை உள்ளிருந்தும் துரு தின்னும். காலில் இருக்கும் ரப்பர் குல்லாவைப் பிடுங்கினால் பழைய தண்ணீரும் சேறும் வந்தாலும் வரும். சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள், கணீரென்று கேட்கிற சத்தம் ஓரிடத்தில் மொத்தையாக மாறினால் அங்கே கனம் போய்விட்டது என்று அர்த்தம். அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு அதே அளவு பைப் வைத்து வெல்டிங் பண்ணுங்கள், பட்டி பூசி மூடுகிற வேலை வேண்டாம். எடை தாங்கும் இடத்தில் போல்ட் மாற்றினால் தலையில் 8.8 (உறுதியைக் காட்டும் தர எண்) என்று பொறித்திருப்பதைக் கேட்டு வாங்குங்கள். பாரிமுனையில் செம்புதாஸ் தெரு, லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் போனால் கிடைக்கும், பழைய போல்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

பழைய பெயின்ட் விஷயம். கொப்புளித்தது, செதிலானது, அதைச் சுற்றி இருப்பது எல்லாம் போக வேண்டும். இறுக்கமாகப் பிடித்திருப்பதை உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்தால் போதும். ஆனால் பிள்ளைகள் இருக்கிற வீடு என்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. உங்கள் பிளேட்டில் அடியில் இருக்கும் பச்சை அதற்கு முந்தையதாக இருக்கலாம். கிரைண்டர் போட்டுப் புழுதி கிளப்பாதீர்கள். வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, வருகிற கசடைப் பழைய செய்தித்தாளில் வழித்து மடித்துப் போடுங்கள், மாடியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள், வேலை முடிகிற வரை பிள்ளைகள் மேலே வரவே கூடாது.

விசைப்படகு பெயின்ட் வேலை, காசிமேடு

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல வருகிறேன், நம்ம பக்கத்தில் பெயின்ட் வேலை கெட்டுப்போவதெல்லாம் பெரும்பாலும் இதில்தான். உங்கள் எதிரி துரு இல்லை, உப்பு.

கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்ததும் இரும்பு பளிச்சென்று தெரியும், வேலை முடிந்தது என்று தோன்றும். கிட்டே போய்ப் பார்த்தால் துரு தின்ற குழிகளுக்குள் கறுப்பாகப் புள்ளி புள்ளியாக இருக்கும். கடல் காற்றில் வந்த உப்பு அந்தக் குழிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது, பிரஷ் அதை எடுக்காது, இன்னும் உள்ளே அழுத்தித்தான் விடும். அதற்கு மேல் பெயின்ட் அடித்தால் உப்பு ஈரத்தை இழுத்து உள்ளேயே துருவைக் கிளப்பும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால் மேலே இருக்கும் பெயின்ட்டைத் தூக்கும். உங்கள் ஸ்டாண்டில் பார்க்கிற கொப்புளம் அதுதான். டப்பா எவ்வளவு விலை என்பது இதற்குத் தெரியாது.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அப்போது படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்போம். இரும்புப் படகு என்றால் சுரண்டி முடித்ததும் நல்ல தண்ணீர் விட்டு அலசாமல் யாரும் பிரைமர் டப்பாவைத் திறக்க மாட்டார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள். துருவைத் தேய்த்து எடுத்தபின் கொஞ்சம் சோப்புத் தண்ணீரும் நைலான் பிரஷும் வைத்துக் குழிக்குழியாகத் தேய்த்து, நன்றாக அலசி, துணியால் ஒற்றி, நிழலில் காயவைத்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் பாருங்கள். பரவலாக லேசான மஞ்சள் படிந்திருந்தால் பரவாயில்லை. குழி இருக்கும் இடத்தில் மட்டும் அடர்த்தியாகக் காவிப் புள்ளி பூத்திருந்தால் உப்பு இன்னும் அங்கேயே இருக்கிறது, அந்த இடத்தைத் திரும்பத் தேய்த்து அலசுங்கள். புள்ளி பூப்பது நிற்கிற வரைக்கும் இதை விடாதீர்கள், இதில் பொறுமைதான் வேலை. நின்றதும் உப்புத்தாள் ஒரு கை போட்டு, துடைத்து, அன்றைக்கே பிரைமர் ஏற்றிவிடுங்கள், வெறும் இரும்பாக இன்னொரு ராத்திரி விடக்கூடாது.

முக்கியம்: போர் தண்ணீரில் அலசாதீர்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரையோரத்தில் நிலத்தடி நீர் பல இடத்தில் உப்புக் கரிக்கும். உப்பை எடுக்க உப்புத் தண்ணீரா? மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர், பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிரைமருக்கு, பழைய பெயின்ட் கொஞ்சம் மிச்சம் இருக்கிற ஸ்டாண்டுக்கு ரெட் ஆக்சைடு மெலிசாக இரண்டு கோட், அதன்மேல் எனாமல் இரண்டு கோட். முழுக்கச் சுரண்டி வெறும் இரும்பாக ஆக்கினீர்கள் என்றால் இரண்டு டப்பா கலக்கிற எப்பாக்ஸி பிரைமர் நல்லது, எங்கள் துறைமுகத்துப் பக்கம் பெயின்ட் கடைகளில் கேளுங்கள். பழைய எனாமல் மேல் எப்பாக்ஸியோ என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட்டோ அடிக்காதீர்கள், அதன் தின்னர் கீழே இருப்பதைச் சுருட்டித் தூக்கிவிடும். சதுர பைப்பின் விளிம்பிலும் வெல்டிங் மேலும் பெயின்ட் நிற்காது, இரண்டு பக்கமும் வழிந்து மெலிந்துவிடும், துரு முதலில் எட்டிப் பார்ப்பதும் அங்கேதான். சின்ன பிரஷால் விளிம்புக்கும் வெல்டிங்குக்கும் மட்டும் முதலில் ஒரு கை கொடுத்துவிட்டு அப்புறம் முழுசாக அடியுங்கள்.

மொட்டைமாடி ஜிம், ராயபுரம்

அண்ணா, உப்பு விஷயம் இதுவரை யாரும் சொல்லவே இல்லை, ரொம்ப நன்றி. எங்கள் வீட்டில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது, மெட்ரோ லாரித் தண்ணீரைத்தான் பிடிக்க வேண்டும். ராடுக்கும் பிளேட்டுக்கும் என்ன செய்வது?

ஜிம் மாஸ்டர், பெரம்பூர்

ராடில் ஆசிட் படவே கூடாது தம்பி. பாத்ரூம் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். ராடு உறுதியான எஃகு, அந்த மாதிரி எஃகை இந்த ஆசிடில் போட்டால் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து நொறுங்கும் தன்மை வந்துவிடும், வளைந்து எச்சரிக்கை கொடுக்காமல் சட்டென்று முறியலாம். அதன் புகை பட்டால் பக்கத்தில் இருக்கும் மற்ற இரும்பும் துருப்பிடிக்கும். தெரியாமல் பிளீச்சிங் பவுடரோடு கலந்துவிட்டால் குளோரின் வாயு வரும், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இந்த வேலையே வேண்டாம். அந்த ஆசிடில் இருப்பதும் உப்பில் இருக்கும் குளோரைடுதான், காசிமேட்டு நண்பர் சொன்ன அதே உப்பை நீங்களே காசு கொடுத்து வாங்கி ஊற்றுகிற மாதிரி.

ராடைச் சமதளத் தரையில் உருட்டிப் பாருங்கள். நடுவில் துள்ளினால் வளைந்திருக்கிறது, நிமிர்த்திப் பயன்படுத்த முயற்சி வேண்டாம், திரும்பக் காயலான் கடைக்கே போகட்டும். நேராக இருந்தால் தையல் மெஷின் எண்ணெய் விட்டு ஊறவைத்து, பித்தளைக் கம்பி பிரஷால் சொரசொரப்புக் கோடுகளின் போக்கிலேயே தேய்த்துத் துடையுங்கள். உரிகிற குரோம் கையைக் கிழிக்கும், அந்த விளிம்பை மெல்லிய உப்புத்தாளால் மழுக்குங்கள். பிடிக்கும் இடத்தில் பெயின்ட் அடித்தால் பிடிமானம் போய்விடும், அங்கே எண்ணெய்த் துணி மட்டும்தான், மாசக்கணக்கில் விடாமல் அவ்வப்போது துடைத்து வைக்க வேண்டும்.

பிளேட்டை வினிகரில் முங்கவைத்து ஒரு ராத்திரி விடலாம். எடுத்ததும் தேய்த்து, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் அலசி, அப்புறம் நல்ல தண்ணீரில் அலசி, உடனே காயவையுங்கள். மஞ்சள் கட்ட விடாதீர்கள். பெயின்ட்டில் ஹேமர்டோன் என்று கேளுங்கள், தகட்டைச் சுத்தியலால் அடித்த மாதிரி மேடு பள்ளமாக வரும், வார்ப்பிலுள்ள சொரசொரப்பை மறைக்கும், அடிபட்டாலும் சட்டென்று தெரியாது. நடு ஓட்டைக்குள் அடிக்க வேண்டாம், ராடில் ஏறாது. எழுத்து மேடாக இருப்பதால் ஸ்பாஞ்சில் வெள்ளையைத் தொட்டு ஒற்றினாலே எண் எழும்பி நிற்கும். அதற்கு முன் ஒவ்வொன்றையும் தராசில் வைத்துப் பாருங்கள், பழைய பிளேட்டில் எழுத்து ஒன்று, எடை ஒன்றாக இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே எடை வரும்படி ஜோடி சேர்த்துக்கொள்ளுங்கள். எனாமல் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஒரு வாரமாவது தனித்தனியாக நிற்கட்டும், ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது பாதி பெயின்ட் பக்கத்துப் பிளேட்டோடு போய்விடும்.

பவுடர் கோட்டிங், அம்பத்தூர் எஸ்டேட்

பவுடர் கோட்டிங் வேலையில் இருப்பவனாகச் சொல்கிறேன், பிளேட்டுக்கு வேண்டாம், ஸ்டாண்டுக்கும் பெஞ்ச் ஃபிரேமுக்கும் கொடுக்கலாம். பவுடரைத் தூவி 180 முதல் 200 டிகிரியில் சுடுவோம், அதனால் ரப்பர், பிளாஸ்டிக் புஷ், பேரிங், பட்டி எதுவும் அதில் இருக்கக் கூடாது. கொடுக்கும் இடத்தில் செவன் டேங்க் பண்ணுவீர்களா என்று கேளுங்கள். எண்ணெய் நீக்கி, துரு நீக்கி, பாஸ்பேட் ஏற்றி, நடுநடுவே தண்ணீரில் அலசுகிற வரிசை அது. வெறுமனே துடைத்துவிட்டுப் பவுடர் அடிக்கிற இடம் என்றால் கொடுக்காதீர்கள். படலம் 60–80 மைக்ரான் வரும், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பைப்பிலும் பின் ஓட்டையிலும் டேப் ஒட்டச் சொல்லாவிட்டால் இறுகிப்போகும். பைப்பின் உள்பக்கம் பவுடர் போகாது.

ஆனால் மாடியில், அதுவும் கடலோரம் என்கிறீர்கள். பவுடர் ஒரு இடத்தில் பெயர்ந்தால் அதன் வழியே ஈரம் அடியில் ஊர்ந்துகொண்டே போகும், மேலே பார்க்க நன்றாகவே இருக்கும், வீட்டில் டச்சப் செய்வதும் லேசில்லை. ராடு தட்டித் தட்டி ஸ்டாண்டில் எப்படியும் பெயரும். எனாமல் என்றால் தெரிந்த உடனே தேய்த்து ஒரு கை போட்டுவிடலாம். உங்கள் இடத்துக்கு நான் கைப்பெயின்ட் பக்கம்தான்.

ரெக்சினைக் கார் சீட் கவர் தைக்கும் கடையில் கொடுங்கள். அடிப்பலகை ஊறிப்போயிருந்தால் தண்ணீர் தாங்கும் பிளைவுட் போடச் சொல்லுங்கள், ஃபோம் ரீபாண்டட் (ஃபோம் துண்டுகளை அழுத்தி ஒட்டியது) என்று கேளுங்கள், மெத்தை ஃபோம் போட்டால் ராடோடு படுக்கும்போது முதுகு பலகையில் முட்டும்.

மொட்டைமாடி ஜிம், ராயபுரம்

அப்படியென்றால் எனாமலே. இந்த வாரமே ஆரம்பிக்கலாமா? சாயங்காலம்தான் நேரம் கிடைக்கிறது.

விசைப்படகு பெயின்ட் வேலை, காசிமேடு

சுரண்டுவது, வெல்டிங் பார்ப்பது எல்லாம் சாயங்காலம் பண்ணுங்கள். பெயின்ட் மட்டும் காலையில், பனி ஈரம் காய்ந்த பிறகு, கடல் காற்று எழும்புவதற்கு முன்னால். உச்சி வெயிலில் மாடியில் கிடந்து சூடேறிய இரும்பில் அடித்தால் மேலே ஆடை கட்டிக் குமிழ் விடும், ஷீட் நிழலிலேயே அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடவே வேண்டாம், அதற்குள் முடியாது என்றால் கழற்றிய சாமானை வீட்டுக்குள் காய்ந்த இடத்தில் போட்டுவிட்டுத் தை பிறந்ததும் பெயின்ட்டை ஆரம்பியுங்கள். முடித்த பிறகு வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் எல்லாவற்றையும் துடைத்து, உடனே காய்ந்த துணி ஒன்று போட்டுவிடுங்கள். ஸ்டாண்டின் அடிக்கால், கொக்கிக்குக் கீழ்ப்பக்கம், இந்த இரண்டையும் குனிந்து பார்த்துத் துடையுங்கள், உப்பு அங்கேதான் முதலில் சேரும்.